என் மனைவியின் ஆல்ட்டோ

"எர்த் குழிக்குத் தண்ணி ஊத்தியாச்சா?" என்ற கேள்வியோடு பொழுது விடிகிற வீடு பாளையங்கோட்டையில் எங்கள் வீடு ஒன்றாகத்தான் இருக்கும். மற்ற வீடுகளில் ரோஜாச் செடிக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுவார்கள். எங்கள் வீட்டில் சுற்றுச்சுவர் ஓரமாக ஒரு குழி தோண்டி, செப்புக் கம்பியை இறக்கி, சுற்றிலும் கரியும் கல்லுப்பும் போட்டு மூடியிருக்கிறேன். அந்த மண் காய்ந்துபோனால் முன்னறையில் உள்ள ஸ்பீக்கர்களில் 'உம்' என்று ஒரு சத்தம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஈரம் பட்டால் போய்விடும். ஆகவே காலையில் ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்ததும் முதல் குடம் சமையலறைக்கு, அடுத்தது குழிக்கு. ஊற்றுவது பெரும்பாலும் என் மனைவி. "முளைச்சா சொல்லுங்க, பந்தல் போட்டுருவோம்" என்பாள்.

பாட்டுக் கேட்பது எல்லோருக்கும் பிடிக்கும். எனக்குப் பிடித்தது, பாட்டு வருகிற கருவியைக் கேட்பது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. பகல் முழுவதும் கல்லூரி அலுவலகத்தில் கோப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவனுக்கு, மாலையில் ஓர் ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்ப்பதில் இருக்கிற சுகம் மற்றவர்களுக்குப் புரியாது. முதலில் ஒரு கேசட் செட்தான் இருந்தது. அதற்காக ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன். ஆம்ப்ளிஃபயர் வந்ததும் ஸ்பீக்கர் மட்டமாகத் தெரிந்தது. ஸ்பீக்கரை மாற்றியதும் செட் மட்டமாகத் தெரிந்தது. மரைன் பிளைவுட்டில் பெட்டி செய்யச் சொன்ன ஆசாரி, முன்பக்கம் வட்டமாக ஓட்டை போடச் சொன்னதும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். "அண்ணாச்சி, ஓட்டை போட்டா உள்ள எலி போவும்லா?" என்று கேட்டார். அவர் சொன்னது வீண்போகவில்லை. எலிக்குப் பதில் பல்லி போனது.

கோட்டி என்று எங்கள் ஊரில் சொல்கிற இந்தப் பைத்தியத்தில் எனக்கு ஒரு கூட்டாளி உண்டு. மேலப்பாளையத்துக்காரர். வளைகுடா நாட்டில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். எல்லோரும் அங்கிருந்து சென்ட்டும் கம்பளியும் கொண்டுவந்த காலத்தில், இவர் தூக்க மாட்டாத ஓர் ஆம்ப்ளிஃபயரைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தார். கம்பளியாவது மிஞ்சியதே என்று அவர் வீட்டில் ஆறுதல் பட்டுக்கொண்டார்களாம். அவர் வீட்டுச் சாமானை என் வீட்டிலும் என் வீட்டுச் சாமானை அவர் வீட்டிலும் மாட்டிக் கேட்டுப் பார்ப்பது எங்களுக்கு வழக்கம். ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே ஸ்பீக்கரை நிறுத்திக்கொண்டு ஆற்றுப்பாசன வயல்களின் ஓரமாகப் போகும்போது, நாற்று நடுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார்கள்.

"எம் பொருளு உம்ம வீட்டுக்கு வந்தா நல்லாப் பேசுது வே. எங்கிட்ட வாயே தொறக்க மாட்டேங்கு" என்று அவர் குறைபட்டுக்கொள்வார்.

எங்கள் வீட்டில் உண்மையான பாட்டுக்காரி என் மனைவி. கொயர் என்கிற கோயில் பாடகர் குழுவில் ஆல்ட்டோ. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம். குழுவில் நான்கு குரல்கள். பெண்களில் உயர்ந்த குரல் சோப்ரானோ. பாட்டின் மெட்டு அவர்களுக்குச் சொந்தம். ஆண்களில் டெனர், பேஸ். நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும் பெண்களின் தாழ்ந்த குரல்தான் ஆல்ட்டோ. மெட்டு தெருவில் போகிறவர் காதில்கூட ஒட்டிக்கொள்ளும். ஆல்ட்டோ அப்படியில்லை. மெட்டுக்கு அடியில் தன் பாட்டுக்கு வேறொரு தடத்தில் நடந்துபோகும். தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காது.

கல்யாணமான புதிதில் அவள் தோசை சுடும்போது முணுமுணுப்பதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மாள் என்னிடம் தனியாக வந்து, "தம்பி, ஒங்க வீட்டுல பாடுதாளே, நல்ல கொரலுதான். ஆனா அந்தப் பாட்டு அப்படி இல்லலா?" என்று கவலையோடு சொன்னார். நான் சிரித்துவிட்டேன். அவளிடம் சொன்னபோது அவளும் சிரித்தாள். மறுநாளிலிருந்து அவள் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தியே பாடினாள்.

ஆல்ட்டோவுக்கு எப்போதும் ஆள் பஞ்சம். எல்லோருக்கும் மெட்டுப் பாடத்தான் ஆசை. புதிதாக வருகிற பெண்பிள்ளைகளை ஆல்ட்டோவில் நிறுத்தினால், பக்கத்தில் மெட்டு கேட்டதும் கன்றுக்குட்டி மாதிரி அதன் பின்னாலேயே போய்விடுவார்கள். அதனால் நிலையாக நின்றது இரண்டு பேர்தான். ஒருவர், பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற டீச்சரம்மா. இன்னொருத்தி என் மனைவி. இருவரும் தோளோடு தோள் நின்று பாடி எத்தனையோ கிறிஸ்துமஸ் போய்விட்டது.

பிறகு அவளுக்குக் கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டு. பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள், நான் பயந்தேன். அறுவை சிகிச்சை முடிந்து வந்தபோது அவளிடம் குரல் இல்லை, காற்று மட்டும்தான் இருந்தது. அந்த நாட்களில் அவள் என்னை அழைக்க வேண்டுமென்றால் டம்ளரைக் கரண்டியால் தட்டுவாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் திரும்பியது. பேச்சு பழையபடி ஆனது. மருத்துவர் பரிசோதித்துவிட்டு, இனிமேல் பாடலாம், பாடினால் நல்லதும்கூட என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். பாடவில்லை.

நான் வற்புறுத்தவில்லை. தோசைக்கல்லுக்கு முன்னால் நின்று தோசையை மட்டும் சுட்டாள். அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீட்டில் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் போனால் என்ன மிச்சம் இருக்கும்? ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"கொயருக்கு எப்ப போகப் போற?"

"போகல."

"ஏன்? டாக்டரே சொல்லிட்டாருல்லா?"

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "இத்தன வருஷம் நான் பாடுனது யாருக்குக் கேட்டுச்சு, சொல்லுங்க. நல்லா இருந்தப்பவே கேக்கல. இந்தக் கொரலை வச்சுக்கிட்டு இனிமே போயி நின்னா என்ன, நிக்காட்டி என்ன? யாருக்குத் தெரியப்போவுது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். கடையில் தக்காளி இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அவளுக்குப் பதில் சொல்லும் வழி ஒன்று என் முன்னறையிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றியது. சில வருஷங்களுக்கு முன்னால் பாடகர் குழுவின் பாட்டுகளைக் கோயிலுக்குள்ளேயே மைக் வைத்துப் பதிவு செய்து ஒரு சி.டி. வெளியிட்டிருந்தார்கள். சபையில் அநேகமாக எல்லா வீட்டிலும் அது இருக்கும். சில வீடுகளில் காகம் வராமலிருக்க மாடியில் கட்டித் தொங்கவிட்டிருந்ததையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பதிவில் ஆல்ட்டோ பாடியது டீச்சரம்மாவும் என் மனைவியும் மட்டும். அவள் குரல் அதற்குள் இருக்கிறது. சாதாரண செட்டில் கேட்காது. என் செட்டில் கேட்க வேண்டும். கேட்கும்படி செய்துவிட்டால், "இதோ பார், நீ" என்று சொல்லிவிடலாம். அதற்குமேல் அவள் என்ன பேச முடியும்?

இதுவரை நான் செய்த மாற்றங்களுக்கெல்லாம் காரணம் கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. முதல் முறையாக ஒரு காரணம் கிடைத்தது. கொலைப்பசியோடு இறங்கினேன்.

அந்தச் சி.டி.யில் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு உண்டு. ஆர்கன் இல்லாமல் வெறும் குரல்களால் பாடுவது. அதன் நடுவில் மற்ற குரல்கள் எல்லாம் ஓய்ந்துவிட, ஆல்ட்டோ மட்டும் ஒரே சுரத்தை நீளமாகப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிறகு ஒவ்வொரு குரலாக வந்து அதன்மேல் சேரும். எனக்கு வேண்டியது அந்த ஓர் இடம்தான். அதை வைத்துக் கேட்டபோது முதலில் கிடைத்தது எதிரொலிதான். எங்கள் முன்னறையில் தரை வழவழ டைல்ஸ், சுவர் வெறும் சுவர். குளியலறையில் பாடுவதுபோல இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் இங்கே கூடம் நிஜமாகவே கோணல். சுவரில் மாட்ட எதையாவது தேடினேன். பத்தமடைப் பாய்கள் கிடைத்தன. உறவுக் கல்யாணங்களில் வந்தவை, எங்கள் கல்யாணத்துக்கு வந்தது உட்பட, பரணில் சுருட்டிக் கிடந்தன. பின்னால் பழைய போர்வைகளை அடைத்து, ஆணி அடித்து, சுவர் முழுக்கத் தொங்கவிட்டேன்.

அவள் வாசலில் நின்று பார்த்தாள். மணமக்கள் பெயர் நெய்திருந்த எங்கள் பாய் ஸ்பீக்கருக்குப் பின்னால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"நேராவாவது மாட்டுங்க" என்றாள். மாட்டினேன்.

பாய் தொங்கியதும் எதிரொலி அடங்கியது. பழைய சி.டி. பிளேயரை மாற்றினேன். ஸ்பீக்கர் பெட்டிகளைச் சுவரிலிருந்து நகர்த்தினேன். பிறகு கொஞ்சம் உள்நோக்கித் திருப்பினேன். பிறகு அடியில் கருங்கல் பலகை வைத்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே இடத்தைப் போட்டுக் கேட்பேன். பாட்டுத் தொடங்கினதுமே அவள் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்தச் சி.டி.யை அவள் காதுகொடுத்துக் கேட்டதே இல்லை. நானும் எல்லாம் சரியானபின் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மெல்ல மெல்ல ஒரு குரல் துலங்கி வந்தது. அகலமான, கனிந்த குரல். நல்ல வெல்லப்பாகு மாதிரி. சொற்களின் முனைகூட மழுங்காமல் கேட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டா யாருக்குக் கேட்டது என்கிறாள்!

ஒரே ஒரு குறை. அந்த நீளமான சுரத்தின் பாதியில் சத்தம் திடீரென்று அமுங்கியது. யாரோ வால்யூமைக் குறைத்தது மாதிரி. கொஞ்சம் கழித்துப் பழையபடி எழும்பியது. அமுங்கிய கையோடு 'உஸ்' என்று பொடியாக ஓர் இரைச்சல் வேறு. என் மனைவியின் குரல் முழு அழகோடு நிற்க வேண்டிய இடத்தில் போய் இப்படி ஒரு கோளாறு என்றால் எனக்கு எப்படி இருக்கும்? ஆம்ப்ளிஃபயரைத் திறந்து வால்யூம் கண்ட்ரோலைத் துடைத்தேன். ஸ்பீக்கர் பெட்டிக்குள் செத்துக் கிடந்த பல்லியின் எலும்புக்கூட்டை எடுத்து வெளியே போட்டேன். வயர்களை மாற்றினேன். எர்த் குழியில் உப்பு கரைந்துவிட்டதோ என்று மறுபடியும் தோண்டிப் புதிதாகப் போட்டேன். அமுங்கல் அசையவில்லை.

மேலப்பாளையத்துக்குச் சி.டி.யைக் கொண்டுபோனேன். நண்பர் வீட்டிலும் அதே இடத்தில் அமுங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "ஒம்ம செட்டு மேல பழி போடாதீரும். தகட்டுலயே உள்ளது வே இது. பதிவு செஞ்ச ஆளு அங்கன குமிழைத் திருகிருக்கான்" என்றார்.

வேறு வீட்டிலிருந்து வேறு சி.டி. வாங்கிப் போட்டேன். அதிலும் அப்படித்தான். பதிவு செய்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பேன். என் மனைவி பாடுகிற இடம் பார்த்தா கையை வைக்க வேண்டும், பாவி மனிதன்! வால்யூமைக் குறைத்தால் குறைக்கட்டும், அந்தக் குறைந்த சத்தத்தையாவது முழுசாகக் காட்டுகிற கருவி வேண்டும் என்று முடிவுகட்டினேன். நண்பர் தன் பெரிய ஆம்ப்ளிஃபயரையே கொடுத்தார். வளைகுடாவிலிருந்து வந்த அதே ஆம்ப்ளிஃபயர். இருவருமாகத் தூக்கி வந்து என் முன்னறையில் வைத்தபோது இருவருக்கும் இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"நீரும் இரும். அவ கேக்கும்போது கூட இரும்" என்றேன்.

அவர் இடுப்பைப் பிடித்தபடி வாசலுக்கு நடந்தார். "அது ஒங்க வீட்டுச் சோலி வே. நான் இருந்தா தங்கச்சிக்கு அழணும்னாக்கூட அழ முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து, சாப்பிட்டு, அவள் பாத்திரங்களை ஒதுக்கிவைத்துவிட்டுப் படுக்கப் போகிற நேரம். கையைப் பிடித்து அழைத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்தேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் நேர் நடுவில் நான் உட்காரும் நாற்காலி அது. வேறு யாரையும் அதில் உட்கார விடமாட்டேன். அதனால் என்னவோ விசேஷம் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். உட்கார்ந்தாள். மின்விசிறியை நிறுத்தினேன். ஃப்ரிட்ஜையும் நிறுத்தினேன்.

பாட்டு தொடங்கியது. எல்லாக் குரல்களும் ஏறி இறங்கி ஓய்ந்தன. அந்த ஒற்றைச் சுரம் எழுந்து அறை முழுக்க நின்றது. என் ஆயுளில் என் செட் அவ்வளவு நன்றாகப் பாடியதில்லை. நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன்.

"கேட்டுச்சா?"

"கேட்டுது."

"யாரு அது?"

"யாருன்னா?"

"நீதான்! ஒன் கொரலு! யாருக்குக் கேட்டுச்சுன்னு சொன்னேல்லா? இந்தா, கேளு!"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஏங்க, இது டீச்சரம்மால்லா?"

எனக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. பாய் தொங்கிய சுவரையும் கருங்கல்லையும் கடன் வாங்கிய ஆம்ப்ளிஃபயரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் சிரிப்பு கொஞ்சம் கரகரப்பாக ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பில் கண்ணீர் வழிய, "இத்தன வருஷமா நீங்க யாரு கூட குடும்பம் நடத்துதீங்க?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதக்கணக்காக நான் உருகி உருகிக் கேட்டது டீச்சரம்மாவின் குரல். இருந்தது இரண்டே குரல். அதில் என் மனைவியின் குரல் எது என்று எனக்குத் தெரியவில்லை. நீ பாடியது கேட்டது என்று சொல்வதற்காகப் பாடுபட்டு, அவள் சொன்னதுதான் சரி என்று நானே நிரூபித்துக் கொடுத்துவிட்டேன். யாருக்கும் கேட்கவில்லை, கட்டின புருஷனுக்கும் கேட்கவில்லை.

என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பை நிறுத்தினாள். "விடுங்க. செட்டு நல்லாத்தான் பாடுது" என்றாள், குழந்தையைத் தேற்றுகிற மாதிரி.

"எங்க நல்லாப் பாடுது? இம்புட்டு செஞ்சும் அந்த இடத்துல அமுங்கத்தான் செய்யுது. பதிவு செஞ்சவன் செஞ்ச வேலை" என்று எரிந்து விழுந்தேன். யார் மேலாவது கோபப்பட வேண்டுமே.

"எந்த இடத்துல?"

போட்டுக் காட்டினேன். சுரம் நீண்டது, அமுங்கியது, 'உஸ்' என்றது, மறுபடி எழுந்தது. அவள் நாற்காலியின் முனைக்கு வந்திருந்தாள்.

"இன்னொரு வாட்டி வைங்க."

வைத்தேன்.

"இது கோளாறு இல்லங்க" என்றாள் பைய. "டீச்சரம்மா மூச்சு எடுக்காங்க."

"அந்த உஸ்ஸுங்கிறது?"

"அதான் மூச்சு. அவங்களுக்கு அவ்வளவு நீளம் தாங்காது. பாதியில எடுத்துருவாங்க."

"அவங்க நிறுத்திட்டா, அப்புறம் கேக்குதே ஒரு சத்தம், அது என்ன?"

கழுத்தில் தழும்பு இருந்த இடத்துக்கு அவள் கை போனது.

"அது நான்" என்றாள்.

மறுபடியும் வைத்தேன். நான் துடைத்தும் தோண்டியும் போக்கப் பார்த்த இடத்தை முதன்முறையாகக் கேட்டேன். ஒல்லியான குரல். நேராக, ஒரு நடுக்கம் இல்லாமல், எந்த அலங்காரமும் இல்லாமல் நின்றது. டீச்சரம்மா விட்ட அதே சுரம், அதே எழுத்து, அதே வாய்த்திறப்பு. டீச்சரம்மா திரும்பி வந்ததும் சத்தமில்லாமல் அவருக்கு அடியில் போய்விட்டது. இப்போது தெரிந்துவிட்டது, இனிமேல் ஆயிரம் குரல்களுக்கு நடுவிலும் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அழுதேன்.

அவள் அழவில்லை. விளக்கினாள். "ரெண்டு பேரும் ஒரே இடத்துல மூச்சு எடுத்தா சுரம் அறுந்துரும்லா? அதனால அவங்க எடுக்கும்போது நான் எடுக்க மாட்டேன். நான் எடுக்கும்போது அவங்க விட மாட்டாங்க. எடுக்கப்போறாங்கன்னா என் முழங்கையை லேசாத் தொடுவாங்க. நானும் அப்படித்தான். யாரு விட்டா, யாரு பிடிச்சான்னு வெளிய தெரியக் கூடாது. தெரிஞ்சுச்சுன்னா தப்பாப் பாடுதோம்னு அர்த்தம்."

"எங்கிட்ட நீ சொன்னதே இல்லையே?"

"இதப் போயி சொல்லுவாங்களா?" என்றாள்.

ரிமோட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். அந்த இடத்தைத் தானே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். மூன்றாவதோ நான்காவதோ முறை கேட்டபின், பாட்டை நிறுத்திவிட்டு, தொங்கிய பாயைப் பார்த்தபடி கேட்டாள்.

"நான்தான் இப்ப இல்லையே. டீச்சரம்மா மூச்சு எடுக்கும்போது என்ன ஆவுது?"

நான் ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் உட்கார்ந்திருக்கிறவன். அவளும்தான் வருகிறாள், ஆனால் பாடகர் குழு எழுந்ததும் குனிந்து ஞானப்பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் உள்ளதைச் சொன்னேன்.

"அறுந்துதான் போவுது."

"பக்கத்துல சின்னப் புள்ளைக நிக்குமே?"

"அதுக மெட்டுக்குப் போயிருதுக."

"அப்ப அவங்க தனியாத்தான் நிக்காங்க" என்றாள். எழுந்துபோய் ஃப்ரிட்ஜைப் போட்டாள்.

அந்த வாரம் முழுவதும் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கெடுத்துவிடுவேன் என்ற புத்தி அப்போதாவது இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் சேலை மாற்றிக்கொண்டு வந்து, "என்னைக் கோயில்ல கொண்டு விடுதீங்களா?" என்றாள். வண்டியில் போகும்போது என் தோளைப் பிடித்திருந்த கை ஜில்லென்று இருந்தது. கோயில் படியில் நின்று, கழுத்தைத் தொட்டுக்காட்டி, "பழைய கொரலு இல்லங்க. ரெண்டு வரி பாடுனாலே இங்கன இழுத்துப் பிடிக்கி. பாதியில நின்னு போச்சுன்னா?" என்றாள்.

"நின்னா நிக்கட்டும், வீட்டுக்குப் போவோம்" என்றேன். இதைவிட நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அதுதான் வந்தது.

உள்ளே கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. டீச்சரம்மா அவளைப் பார்த்தார். எழுந்து வரவில்லை, கட்டிக்கொள்ளவில்லை. பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த கைப்பையை எடுத்துத் தரையில் வைத்தார். "ஏளா, வந்துட்டியா? வா, இங்கன நில்லு" என்றார்.

நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பாட்டையே எடுத்தார்கள். முதல் முறை நீளமான சுரத்தில் ஒரு விரிசல் விழுந்தது. அவள் குரல் உடைந்ததைக் கோயிலில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். எனக்கு ஓடிப்போய் அழைத்துவந்துவிடலாம் போல இருந்தது. டீச்சரம்மா அவள் காதில் ஏதோ சொன்னார். அவளும் ஏதோ சொன்னாள். இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

மறுபடி தொடங்கினார்கள். மற்ற குரல்கள் ஓய்ந்தன. ஆல்ட்டோ எழுந்தது. இப்போது இருவருக்குமே மூச்சு குட்டை. ஒருவர் முழங்கையை ஒருவர் அடிக்கடி தொட்டுக்கொள்வது கடைசி பெஞ்சிலிருந்து எனக்குத் தெரிந்தது. தொட்டது யார் என்று தெரியவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பாயும் போர்வையும் இல்லாத அந்தப் பெரிய கோயிலில் சுரம் நின்றது. ஒரு தரம்கூட அறவில்லை. அதன்மேல் டெனரும் பேஸும் சோப்ரானோவும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

பயிற்சி முடிந்து அவள் வெளியே வந்தபோது கழுத்தைச் சுற்றி வியர்த்திருந்தது. வண்டியருகே வந்ததும் கேட்டாள்.

"நான் பாடுனது கேட்டுச்சா?"

கேட்டது என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவளிடம் பொய் செல்லாது.

"இல்ல" என்றேன். "நானும் எம்புட்டோ கவனிச்சேன். எங்கன டீச்சரம்மா விட்டாங்க, எங்கன நீ பிடிச்சேன்னு ஒண்ணும் தெரியல."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப சரியாத்தான் பாடிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.